‘இனமேம்பாட்டியல்’ வேண்டாமே: யூஜெனிக்ஸ், லேபன்ஸ்ரௌம் இரண்டுக்கும் சொல்

வணக்கம். நம் இரண்டாம் உலகப்போர் கட்டுரையில் வரும் இரண்டு சொற்களுக்கான தமிழ் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில் இது. யூஜெனிக்ஸ் என்பது மரபைக் காட்டி யார் பிள்ளை பெறலாம், யார் கூடாது என்று பிரித்த கொள்கை; லேபன்ஸ்ரௌம் என்பது ‘வாழ இடம்’ என்று பொருள்படும் ஜெர்மன் சொல்.

> ‘இனமேம்பாட்டியல்’ ஏற்கெனவே வழக்கில் இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

கால்நடைக்கு இருக்கட்டும் ஐயா, அங்கே பொருத்தமான சொல்தான். மனிதர்களைப் பற்றி எழுதும்போதுதான் இடிக்கிறது. 1883-இல் ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன் வைத்த ‘யூஜெனிக்ஸ்’ என்ற பெயருக்குக் கிரேக்க வேர் ‘நற்பிறப்பு’. பெயரிலேயே விளம்பரம். நாம் ‘மேம்பாடு’ என்றால் அதே விளம்பரத்தைத் தமிழில் ஒட்டுகிறோம். கூடவே ‘இயல்’ வேறு; இயற்பியல், வேதியியல் வரிசையில் போய் உட்கார்ந்துவிடும்.

கட்டுரை இரண்டாம் உலகப்போரைப் பற்றியது என்பதையும் பாருங்கள். 1933 ஜூலையில் ஜெர்மனி கட்டாயக் கருத்தடைச் சட்டம் போட்டது. ஏறத்தாழ 4 லட்சம் பேருக்கு அது நடந்தது. ஊனமுற்றோரையும் மனநோயாளிகளையும் கொல்ல அனுமதிக்கும் கடிதத்தில் ஹிட்லர் கையெழுத்திட்டது 1939 அக்டோபரில். ஆனால் செப்டம்பர் 1 என்று முன்தேதியிட்டார். போலந்துக்குள் படை நுழைந்த நாள் அது! அந்தத் திட்டத்தில் நச்சுவாயுவைக் கையாண்டு பழகிய பலர்தான் பிறகு பெல்செக், சோபிபோர், டிரெப்ளிங்கா கொலை முகாம்களை நடத்தினார்கள். இதை மேம்பாடு என்று எழுதக் கை கூசுகிறது.

> அப்படியானால் ‘மரபுத்தரவாதம்’?

நெருங்கிவிட்டீர்கள் அம்மா. ஆனால் மரபு + உத்தரவாதம் என்று பிரித்துப் படித்தால் பட்டுச்சேலைக் கடை விளம்பரம் ஆகிவிடும். ‘மரபுத்தரக் கொள்கை’ என்றால் அந்தச் சிக்கல் இல்லை. மரபைக் காட்டி மனிதரைத் தரம் பிரித்தார்கள் என்பதும் அதில் வந்துவிடுகிறது.

அப்புறம் லேபன்ஸ்ரௌம். ‘வாழ்விடம்’ உயிரியல் பாடத்தில் புலிக்கும் தவளைக்கும் போய்விட்டது. ஜெர்மன் புவியியலாளர் ராட்செல் லேபன்ஸ்ரௌம் என்ற சொல்லை உயிர்ப்புவியியலில்தான் கையாண்டார், சரி. நாஜிகள் கையில் அது பிறர் நிலத்தைப் பறிக்கும் திட்டமானது. ‘வாழ்புலம்’ என்று வைக்கலாம். அவர்கள் சொன்ன காரணம், ஜெர்மானியர் பெருகிவிட்டார்கள், நிலம் போதவில்லை என்பது. ஆனால் அதே அரசு திருமணக் கடன் கொடுத்தது, குழந்தைகள் பிறக்கப் பிறக்கக் கடனில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்தது. நிறையப் பெற்ற தாய்க்குப் பதக்கமும் தந்தது. 1941-இல் சோவியத் நிலத்தின் தானியத்தைப் பறிக்கத் திட்டமிட்டபோது, அங்கே கோடிக்கணக்கானோர் பட்டினியால் சாவார்கள் என்பது கணக்கிலேயே இருந்தது. திட்டம் போட்டவர்கள் கண்ணில் அந்த மக்கள் உபரி!

ஆகவே கட்டுரையில் ‘மக்கள்தொகைப் பெருக்க அச்சம்’ என்று மொட்டையாக விட வேண்டாம். யாருடைய பெருக்கம் என்பதையும் சேர்த்தே எழுதுவோம். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள், இல்லையென்றால் மூன்று இடத்திலும் திருத்திவிடுகிறேன்.