1929 ஃபோர்டு ரோட்ஸ்டர் ஹாட் ராட் கிட்: கட்டியவர்களின் அனுபவப் பகிர்வு

மிச்சிகனிலிருந்து:

ரெவெல் நிறுவனம் 2015 ஆம் ஆண்டில் 1/25 அளவில் வெளியிட்ட 1929 ஃபோர்டு மாடல் ஏ ரோட்ஸ்டர் (நிலையான கூரையில்லாத திறந்த கார்) கிட்டை, அதாவது பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டி மாதிரிக் கார் செய்யும் பெட்டியை, வாங்கிக் கட்டியவர்கள் தத்தம் அனுபவத்தை எழுத வேண்டும் என்று நண்பர்கள் பலர் கேட்டிருந்ததால், முதலில் நானே தொடங்குகிறேன். கடைக்கு வரும் அமெரிக்கக் கார் கிட்டுகளில் பல, எத்தனையோ ஆண்டுகளுக்கு முன் வெட்டிய அச்சுகளிலிருந்து மறுபடியும் வார்த்தெடுக்கப்பட்டவை. பெட்டியின் படமும் டீக்கால் (ஒட்டுப்படம்) தாளும் புதிதாக இருக்கும். உள்ளே உள்ள பாகங்களிலோ, தேய்ந்த அச்சின் இடுக்கு வழியே கசிந்த பிளாஸ்டிக் பிசிறு ஓரமெல்லாம் தொங்கிக்கொண்டிருக்கும். அப்படியிருக்க, வேகத்துக்காகப் பழைய காரை மாற்றியமைத்த ஹாட் ராட் வண்டிக்கென்றே புத்தம்புதிய அச்சு வெட்டியிருக்கிறார்கள் என்ற செய்தி வந்தபோது இங்குள்ள மாடல் கட்டுபவர்களிடையே எழுந்த பரபரப்பு கொஞ்சநஞ்சமன்று.

இந்த வண்டியின் பின்னணியை அறியாதவர்களுக்காகச் சில வரிகள் சொல்லியாக வேண்டும். மாடல் ஏ காரை ஃபோர்டு 1927 டிசம்பரில் அறிமுகப்படுத்தி, 1931 வரை நாற்பது லட்சத்துக்கும் அதிகமாகத் தயாரித்தது. அதிலிருந்த நான்கு சிலிண்டர் இயந்திரத்தின் ஆற்றல் 40 குதிரைத்திறன்தான். 1932 இல் அதே நிறுவனம் 221 கன அங்குலமும் 65 குதிரைத்திறனும் கொண்ட வி8 (எட்டு சிலிண்டர்) இயந்திரத்தை எளியவர்களும் வாங்கக்கூடிய விலையில் கொண்டுவந்தது. தென் கலிஃபோர்னிய இளைஞர்கள், மலிவாகக் கிடைத்த எடை குறைந்த மாடல் ஏ பாடியை 1932 ஆம் ஆண்டின் உறுதியான சட்டகத்தின்மேல் ஏற்றி, வி8 இயந்திரத்தை வைத்து, மட்கார்டுகளைக் கழற்றிவிட்டு, மியூராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் வேகம் பார்த்தார்கள். அந்த ஓட்டங்களை ஒழுங்குபடுத்துவதற்காக 1937 இல் தோன்றிய எஸ்.சி.டி.ஏ. (சதர்ன் கலிஃபோர்னியா டைமிங் அசோசியேஷன்) சங்கம் தொடக்கக் காலத்தில் கூரையுள்ள கூபே வண்டிகளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ரோட்ஸ்டர் என்றால் ஹாட் ராட் பிரியர்களுக்கு இன்றும் ஒரு தனி மரியாதை இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பெட்டியைத் திறந்தவுடன் நான் முதலில் கையில் எடுத்தது பாடியைத்தான். கதவின் கோடு, டிக்கி மூடியின் கோடு, பாடியின் இடுப்பைச் சுற்றி ஓடும் வரப்பு ஆகிய எல்லாம் நகத்தால் தடவிப் பார்த்தால் உணரக்கூடிய அளவுக்குக் கூர்மையாக இருந்தன. பிரைமர் அடித்து, நிறம் அடித்து, அதன்மேல் நிறமற்ற கிளியர் பூச்சும் அடித்த பிறகும் அந்தக் கோடுகள் மூடிப்போகவில்லை. பழைய அச்சில் வந்த பாடிகளில் பெயின்ட் அடிப்பதற்கு முன்பே கதவுக் கோடுகளைக் கத்தி முனையால் ஆழப்படுத்த வேண்டியிருக்கும் என்பது இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

இதை இரண்டு விதமாகக் கட்டலாம். பாடி சட்டகத்தின்மேல் உயர்ந்து உட்கார்ந்திருக்கும் ஹைபாய் ஒன்று. தரையை வெட்டிப் பாடியைச் சட்டகத்துக்கு இருபுறமும் கீழிறக்கிவிடும் சானல் முறை மற்றொன்று. நான் சானலைத் தேர்ந்தெடுத்தேன். அதற்குத் தூண்டுதலாக இருந்தது பெட்டியில் வந்த பியூக் வி8 இயந்திரம். 1953 முதல் 1966 வரை பியூக் தயாரித்த இந்த இயந்திரத்தின் வால்வுகள் சிறியவை, செங்குத்தாக நிற்பவை. அதனால் பார்ப்பதற்கு ஆணிகள்போல் இருக்கும் என்று அதற்கு நெயில்ஹெட் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மற்ற வி8 இயந்திரங்களில் வால்வு மூடிகள் வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்கும். இதிலோ இரண்டு மூடிகளும் வானத்தைப் பார்த்தபடி மட்டமாக உட்கார்ந்திருக்கும். இயந்திர மூடியில்லாத ரோட்ஸ்டரில் முதலில் கண்ணில் படுவது இயந்திரம் என்பதால், அந்த ஒரு வேறுபாடே வண்டியின் முகத்தை மாற்றிவிடுகிறது. வேறு பெட்டிகளில் அரிதாகவே கிடைக்கும் இப்படியொரு இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்து, இத்தனை நுணுக்கமாகச் செதுக்கியவர்களின் உழைப்பை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

என் பார்வையில், இந்தக் கிட் பலரையும் ஈர்த்ததற்கு முக்கியக் காரணம் பெட்டிமேல் படத்தில் இருக்கும் வண்டியைக் காட்டிலும், உள்ளே இருக்கும் ஒவ்வொரு பாகமும் இன்னொரு வண்டிக்குப் போகக்கூடியது என்பதே. ஒன்றைக் கட்டி முடித்ததும் மிஞ்சும் சட்டகம், சக்கரங்கள், ஆக்ஸில், இயந்திரத் துணைப்பாகங்கள் ஆகியவற்றை உதிரிப் பெட்டியில் சேர்த்துவைத்தால், அடுத்தடுத்த வண்டிகளுக்கு அவை கைகொடுக்கும். மறு ஆண்டே, 2016 இல், இதன் தொடர்ச்சியாக 1930 மாடல் ஏ கூபேயும் வந்தது. நம்மில் பலர் இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எதிலிருந்து எதை எடுத்து எதில் வைப்பது என்று கணக்குப் போடத் தொடங்கினோம். உண்மையான ஹாட் ராட் பிறந்த வழியும் அதுதானே?

டொராண்டோவிலிருந்து:

மிச்சிகன் நண்பர் கடைசியில் சொன்னதிலிருந்தே நான் தொடங்குகிறேன். எனக்கு இந்தப் பொழுதுபோக்கு அறிமுகமானது பழைய பெட்டிகள் வழியாகத்தான். ஏ.எம்.டி. நிறுவனம் 1959 இல் வெளியிட்ட 1932 ஃபோர்டு ரோட்ஸ்டரின் மறுவெளியீடு ஒன்றை, இங்குள்ள வார இறுதிச் சந்தையில் ஒரு முதியவரிடம் வாங்கினேன். ஒரே கிட்டை மூன்று விதமாகக் கட்டும் வழக்கத்தின்படி, ஆலையிலிருந்து வந்தபடியோ, அலங்கரித்தோ, பந்தயத்துக்கு ஏற்றபடியோ கட்டலாம். அந்த ஐயா அதைச் சிறுவயதில் தமது தமையனாரோடு சேர்ந்து கட்டியதாகவும், மிஞ்சிய பாகங்களைப் பங்கு போடுவதில்தான் இருவருக்கும் சண்டை வரும் என்றும் சொன்னார். பாகங்களை ஒரு வண்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது அன்றே தொடங்கிவிட்டது என்பதை அவருடைய பேச்சிலிருந்து விளங்கிக்கொண்டேன்.

நான் செய்தது என்னவென்றால், புதிய 1929 பாடியை, தொண்ணூறுகளில் ரெவெல் வெளியிடத் தொடங்கிய 1932 ஃபோர்டு வரிசைக் கிட் ஒன்றின் சட்டகத்தில் ஏற்றினேன். பாடியைச் சட்டகத்தின்மேல் வைத்துப் பார்த்தபோது, முன்பக்கம், ஓட்டுநரின் கால் இருக்கும் இடத்துக்கு நேரே, சட்டகம் இரு பக்கமும் பாடியை விட வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. உண்மை வண்டியிலும் அப்படித்தான். மாடல் ஏ பாடி அந்த இடத்தில் ஒடுக்கமானது, 1932 சட்டகம் அகலமானது. இதைக் கட்டும் கைவினைஞர்கள் இயந்திரத்தையும் உட்காருமிடத்தையும் பிரிக்கும் தீச்சுவருக்கு அருகே சட்டகத்தின் இரு நெடுங்கட்டைகளையும் உள்ளே வளைத்து நெருக்குவார்கள். நானும் அதே வழியைப் பின்பற்றினேன். குறுக்குக் கட்டையைச் சிறிது குறைத்து, நெடுங்கட்டைகளின் உட்பக்கத்தில் மெல்லிய வாளால் பாதி ஆழத்துக்குக் கீறி, மெதுவாக உள்ளே வளைத்து, பிளாஸ்டிக்கை ஒட்டும் திரவப் பசையைத் தூரிகையால் கீறலுக்குள் ஓடவிட்டு, ஒரு இரவு முழுக்கக் கிளிப் போட்டு வைத்தேன். காலையில் எடுத்தபோது பாடி சட்டகத்தோடு மிக வடிவாகப் பொருந்தியது. 1932 சட்டகத்தின் வெளிப்பக்கத்தில் ஓடும் அந்த அழகான வளைவுக் கோடு பாடிக்குக் கீழே முழுமையாகத் தெரிந்ததைப் பார்க்கையில், ஏன் அத்தனை பேர் இந்தச் சட்டகத்தைத் தேடி அலைந்தார்கள் என்பது புரிந்தது.

புதிதாக வருகிறவர்களுக்கு அளவைப் பற்றி ஒரு சொல். 1932 ஃபோர்டின் முன் பின் ஆக்ஸில்களுக்கு இடையிலான தூரம் 106 அங்குலம். அதை 25 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 108 மில்லிமீட்டர் வரும். 24 ஆல் வகுத்தால் 112 மில்லிமீட்டர் வரும். மோனோகிராம் நிறுவனத்தின் பழைய கார் கிட்டுகள் பெரும்பாலும் 1/24 அளவிலானவை. ஆகவே அவற்றின் சட்டகத்தையோ பாடியையோ ரெவெலின் 1/25 வண்டியோடு கலந்தால் பொருந்தாது. ஆனால் கார்புரேட்டர், சக்கர மூடி, ஸ்டியரிங் வளையம் போன்ற சிறு பாகங்களில் அந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது என்பதால் தயங்காமல் எடுத்துப் பயன்படுத்தலாம்.

இன்னொன்று. கிட்டோடு வரும் வினைல் டயர்களைக் கண்ணாடிப் பாகங்களோடு ஒரே பையில் போட்டு வைக்காதீர்கள். வினைலிலிருந்து கசியும் மென்மையாக்கி, மாதக்கணக்கில் தொட்டுக்கொண்டே இருந்தால், பாகங்களின் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை அரித்துத் தழும்பு உண்டாக்கிவிடும்.

கலிஃபோர்னியாவிலிருந்து:

இருவரின் பகிர்வையும் படித்தபின் என்னால் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் இந்தக் கிட்டை வாங்கியதே ஒரு குறிப்பிட்ட வண்டியைக் கட்டுவதற்காகத்தான். அமெரிக்காவின் மிக அழகான ரோட்ஸ்டர் என்ற விருது 1950 இல் முதன்முதலாக ஓக்லண்டில் வழங்கப்பட்டபோது அதை வென்றது பில் நீகேம்ப் என்பவரின் நீல நிற வண்டி. அதன் பாடி 1929 மாடல் ஏ ரோட்ஸ்டரினுடையது. புதிய கிட் வரப்போகிறது என்று கேட்ட அன்றே என் மனத்தில் அந்த வண்டிதான் வந்து நின்றது.

ஆனால் பெட்டியில் இருப்பதை வைத்து மட்டும் அந்த வண்டியைக் கட்டிவிட முடியாது. அதன் மூக்கு வட்டப் பாதைப் பந்தயக் கார்களைப்போல் உருண்டு முன்னே நீண்டிருக்கும். கிட்டில் அப்படியொன்று கிடையாது. அதனால் பிளாஸ்டிக் தகட்டை அடுக்கடுக்காக ஒட்டிக் கட்டியாக்கி, அதன்மேல் இரண்டு கலவைகளைச் சேர்த்துக் குழைக்கும் புட்டியைப் பூசி, உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து அந்த வடிவத்தைக் கொண்டுவந்தேன். பழைய புகைப்படங்களைப் பக்கவாட்டிலும் முன்னிருந்தும் ஒரே அளவுக்கு அச்சிட்டு, அட்டையில் வெட்டிய வார்ப்புருவை மூக்கின்மேல் வைத்துப் பார்த்துக்கொண்டே தேய்க்க வேண்டும். கண்ணளவு இதற்குப் போதாது. இயந்திரத்துக்கு ஃபோர்டின் ஃபிளாட்ஹெட் (தட்டையான தலைப்பகுதி கொண்ட) வி8 வேண்டும் என்பதால் அதை வேறொரு பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டேன். நெயில்ஹெட் இயந்திரம் இப்போது என் உதிரிப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. அதற்கென்று ஒரு வண்டி நிச்சயம் வரும்.

போமோனாவில் நடக்கும் பழைய கார் சந்தையில் ஒருவருடைய உண்மையான 1929 ரோட்ஸ்டரைக் கண்டேன். கிட்டின் பாடியை மட்டும் கொண்டுபோயிருந்த நான், அவரிடம் அனுமதி கேட்டு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவர் உடனே கண்ணாடிச் சட்டத்துக்கு முன்னால் இருக்கும் பகுதியைத் தட்டிக் காட்டினார். மாடல் ஏ காரின் பெட்ரோல் தொட்டி அங்கே, ஓட்டுநரின் முழங்காலுக்கு மேலேதான் இருக்கும். ஹாட் ராட் கட்டுபவர்கள் பலர் அதைப் பின்னால் மாற்றிவிடுவதால், பெட்ரோல் ஊற்றும் துளையை உலோகத்தால் அடைத்து வழவழப்பாக்கிவிடுவார்கள் என்று விளக்கினார். தம்முடைய வண்டியில் அப்படி அடைத்த இடத்தை விரலால் தடவிப் பார்க்கவும் சொன்னார். தடவிப் பார்த்தும் பற்றவைத்த விளிம்பு எங்கே என்று எனக்குப் பிடிபடவில்லை. அன்று அவர் கொடுத்த அரை மணி நேரம் எத்தனையோ படங்களைப் பார்த்துக் கற்பதைவிட எனக்குப் பயன்பட்டது. பிளாஸ்டிக் பாடியைக் கையில் வாங்கி, கதவின் பின்கோடு பின்சக்கரத்தை நோக்கி இறங்கும் விதத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, சரியாகப் பிடித்திருக்கிறார்கள் என்று அவர் சொன்னபோது, நானே அதை வார்த்தெடுத்ததைப் போன்ற பெருமை எனக்கு ஏற்பட்டது.

குரோம் பாகங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிட்டில் வரும் முலாம் சற்றுக் கனமாக இருப்பதால் நுணுக்கங்கள் மழுங்கித் தெரிகின்றன. பாகங்களைத் தாங்கும் பிளாஸ்டிக் சட்டமான ஸ்ப்ரூவிலிருந்து வெட்டிய இடத்தில் வெள்ளைப் புள்ளியும் விழுகிறது. வீட்டில் துணி வெளுக்கப் பயன்படும் பிளீச்சில் ஊறவைத்தால் மேலுள்ள முலாம் கரைந்துவிடும். பிறகு அச்சுக் கோடுகளைச் சுரண்டி, பளபளப்பான கறுப்பு அடித்து, நன்றாகக் காய்ந்தபின் அதன்மேல் உலோக நிறத்தை மிக மெல்லியதாகத் தெளித்தால், ஐம்பதுகளின் புகைப்படங்களில் தெரியும் அந்த அடங்கிய மினுக்கம் கிடைக்கிறது. ஜன்னலைத் திறந்துவைத்து, கையுறை அணிந்து செய்யுங்கள்.

மிச்சிகனிலிருந்து மறுபடியும்:

கலிஃபோர்னியா நண்பரின் வண்டியைப் பற்றிப் படித்ததில் பெருமகிழ்ச்சி. நீகேம்ப் வண்டியின் சட்டகம் 1927 எசெக்ஸ் காருடையது. ஃபோர்டு சட்டகத்தைவிட அது தோற்றத்தில் வேறுபட்டது. அதை நீங்கள் பிளாஸ்டிக் பட்டைகளில் புதிதாகக் கட்டினீர்களா, அல்லது கிட்டில் வந்த சட்டகத்தையே மாற்றியமைத்தீர்களா என்று தெரிவியுங்கள். பட்டைகளில் கட்டியிருந்தால் அவற்றின் தடிப்பையும் உயரத்தையும் மில்லிமீட்டரில் குறிப்பிட்டால் போதும். அதே வழியில் ஒரு சட்டகம் கட்டி, என்னிடம் மிஞ்சியிருக்கும் இரண்டாவது 1929 பாடியை அதில் ஏற்ற விரும்புகிறேன். டொராண்டோ நண்பர் நெடுங்கட்டையில் கீறல் போட்ட இடத்தை, பாடியைக் கழற்றிவிட்டுக் கீழிருந்து ஒரு படம் எடுத்து அனுப்பினால் நம் எல்லாருக்கும் உதவியாக இருக்கும்.