இரண்டாவது கியரில் ஒரு உதறல்

அக்கா: கார் விஷயம் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். ஒன்றிலிருந்து இரண்டாவது கியருக்குப் போட்டுக் கிளட்சை விட்டதும் வண்டி ஒரு உதறு உதறுகிறது. முன்பக்கம் கீழே ‘டக்’ என்று சத்தம் வேறு.

சித்தப்பா: கிளட்ச் பிளேட் போயிருக்கும்.

சித்தப்பா: கியர் பாக்ஸை இறக்கித்தான் பார்க்க வேண்டும்.

அக்கா: ஒர்க்‌ஷாப்பிலும் இதையேதான் சொன்னார்கள் சித்தப்பா. கிளட்ச் செட்டையே மாற்ற வேண்டுமாம். ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. நான் சொன்னதைக் கேட்டதுமே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

சித்தப்பா: 👍

மாமா: கொஞ்சம் பொறு பாப்பா. இறக்குவது இருக்கட்டும். கியர் விழுவது எப்படி இருக்கிறது? ரிவர்ஸ் போடும்போது ‘கர்ர்’ என்று அரைக்கிறதா?

அக்கா: இல்லை மாமா. எல்லா கியரும் சுலபமாக விழுகிறது.

மாமா: அப்படியானால் கிளட்ச் முழுசாக விடுபடுகிறது. நாலாவது கியரில் ஆக்சிலேட்டரை நன்றாக அழுத்தினால்? ஆர்பிஎம் முள் மட்டும் விருட்டென்று ஏறி, வேகம் ஏறாமல் நிற்கிறதா? நின்றால் பிளேட் வழுக்குகிறது என்று அர்த்தம்.

அக்கா: நேற்றுகூட ஒரு லாரியை ஓவர்டேக் செய்தேன். இழுவையில் குறையே இல்லை.

மாமா: சரி. இப்போதுதான் முக்கியமான கேள்வி. இரண்டாவது கியரிலேயே போய்க்கொண்டிருக்கிறாய். கிளட்சைத் தொடவில்லை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, மறுபடி அழுத்தினால்?

அக்கா: அப்போதும் உதறும்! நெரிசலில் ஊர்ந்து போகும்போது அதுதான் பெரிய தொல்லை. காலை எடுத்தால் ஒரு டக், வைத்தால் ஒரு டக்.

மாமா: கிளட்சைத் தொடாமலே உதறுகிற வண்டிக்குக் கிளட்ச் செட் எதற்கு?

அத்தான்: நான் ஓட்டினால் இவ்வளவு உதறுவதில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன் 😇

அக்கா: இதைச் சொல்லத்தான் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு வந்தீர்களா

மாமா: மாப்பிள்ளை, நீங்கள் கிளட்சை ரொம்ப மெதுவாக விடுவீர்கள். பாதிக் கிளட்சில் பிளேட் வழுக்கி, அந்த அதிர்ச்சியை விழுங்கிவிடும். உதறல் தெரியாது, ஆனால் பிளேட் தேயும். அவள் கால் சரியாகத்தான் இருக்கிறது.

அக்கா: 😎😎

அம்மா: வண்டியை எடுக்கலாமா கூடாதா? அதை முதலில் சொல்லு.

மாமா: பக்கத்தில் போய் வரலாம் அக்கா. நெடுந்தூரம் வேண்டாம்.

மாமா: எனக்கு மவுண்டிங் மேல்தான் சந்தேகம். எஞ்சினையும் கியர் பாக்ஸையும் பாடியோடு பிடித்துக்கொண்டிருக்கும் ரப்பர் வைத்த தாங்கிகள் அவை. முன்சக்கரம் இழுக்கிற வண்டிகள் பெரும்பாலானவற்றில் எஞ்சின் குறுக்கே உட்கார்ந்திருக்கும். ஆக்சிலேட்டர் அழுத்தினால் ஒரு பக்கம் சாயும், விட்டால் மறுபக்கம் வரும். ரொம்ப ஆடாமல் பிடிக்கப் பல வண்டிகளில் கீழே ஒரு டார்க் ராட் இருக்கும். அதன் ரப்பர் கிழிந்தால் எஞ்சின் சாய்ந்து இடிக்கும். அந்த இடிதான் உனக்கு டக் என்று கேட்கிறது.

சித்தப்பா: பெட்ரோலைப் பற்றவைக்கும் பிளக், காயில் பிரச்சினையாகவும் இருக்கலாமே மச்சான்?

மாமா: இருக்கலாம். அப்படி என்றால் கியர் மாற்றாமல் சீராக ஏறும்போதே மிஸ்ஸிங் அடிக்கும் (எஞ்சின் விட்டு விட்டு ஓடும்), பெரும்பாலும் எஞ்சின் லைட்டும் எரியும். ஸ்கேனரை மாட்டினால் பி0300, பி0301 என்று பிழைக் குறியீடு வரும். பாப்பா, லைட் எரிகிறதா?

அக்கா: இல்லை.

மாமா: தம்பி வீட்டில் இருந்தால் ஒரு காரியம் செய்யுங்கள். சமதரையில் நிறுத்தி, பானட்டைத் திற. ஹேண்ட் பிரேக்கை முழுசாகப் போட்டு, ஃபுட் பிரேக்கையும் அழுத்திப் பிடி. முதல் கியர் போட்டு, வண்டி இழுக்கப் பார்க்கிற இடம் வரை மட்டும் கிளட்சை விடு, உடனே அழுத்திவிடு. அப்புறம் ரிவர்ஸில் அதே மாதிரி. தம்பி பக்கவாட்டில் நின்று எஞ்சினைப் பார்க்கட்டும். வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்கக் கூடாது. இதில் விளையாட்டு வேண்டாம்.

நான்: [வீடியோ]

நான்: மாமா, எஞ்சின் தொட்டில் மாதிரி ஆடுகிறது. முதல் கியருக்கு ஒரு பக்கம், ரிவர்ஸுக்கு மறுபக்கம். கீழே போய் முட்டும் சத்தம் வெளியே நன்றாகக் கேட்கிறது.

மாமா: லேசாக அசைவது இயல்பு. இவ்வளவு ஆடக் கூடாது. வேறு மெக்கானிக்கிடம் போய், கியர் பாக்ஸ் பேச்சே எடுக்காமல், லிஃப்டில் ஏற்றி டார்க் ராடைப் பார்க்கச் சொல். கியர் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிரைவ் ஷாஃப்டையும் கையால் ஆட்டிப் பார்க்கட்டும்.

மறுநாள்

அக்கா: [படம்]

அக்கா: பாருங்கள். ரப்பர் சுற்றிலும் கிழிந்திருக்கிறது. நடுவில் இருக்க வேண்டிய இரும்புக் குழாய் ஒரு ஓரமாக ஒட்டிக் கிடக்கிறது. மோதி மோதி அந்த இடம் பாலிஷ் போட்டது போலப் பளபளக்கிறது. டிரைவ் ஷாஃப்ட் நன்றாக இருக்கிறதாம்.

மாமா: மற்ற மவுண்டிங்?

அக்கா: பார்த்துவிட்டார். விரிசல் இல்லை, ஆயில் ஒழுகவும் இல்லை. ராடை மட்டும் மாற்றினார். கழற்றி மாட்ட அதிக நேரமே ஆகவில்லை.

மாமா: போல்ட்டைக் கடைசியாக இறுக்கும்போது எஞ்சின் தன் இடத்தில் இயல்பாக உட்கார்ந்திருந்ததா? ரப்பர் முறுக்கிக்கொண்டிருக்கும்போது இறுக்கினால் புதுசும் சீக்கிரம் கிழியும்.

அக்கா: எஞ்சினை ஆட்டிவிட்டு, உட்கார்ந்த பிறகுதான் இறுக்கினார். நான் பக்கத்திலேயே நின்றேன்.

அக்கா: டக் சத்தம் சுத்தமாகப் போய்விட்டது. கியர் மாற்றும்போது உதறலும் இல்லை. ஆனால் ரொம்ப மெதுவாக ஊரும்போது ஆக்சிலேட்டரைத் தொட்டால் துளி ஜெர்க் இருக்கிறது.

மாமா: எஞ்சினுக்குள் போகும் காற்றை அளந்து விடும் திராட்டில் பாடியில் கரி படிந்திருக்கும். அதற்கென்று விற்கும் கிளீனரால் துடைக்கச் சொல். எலக்ட்ரானிக் திராட்டில் என்றால் உள்ளே இருக்கும் தகட்டை விரலால் தள்ளக் கூடாது, அதைத் திருப்பும் சின்னப் பல்சக்கரம் உடையலாம். துடைத்த பிறகு சில வண்டிகளில் ஐடில், அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாதபோது எஞ்சின் ஓடும் வேகம், கொஞ்ச நேரம் ஏறி இறங்கும். ஸ்கேனர் வைத்து ரீசெட் செய்ய வேண்டியும் வரலாம்.

சித்தி: நம் வண்டியும் கியர் மாறும்போது உதறுகிறதே, அதற்கு மட்டும் ஏன் கிளட்ச் பிளேட் மாற்றவில்லை?

சித்தப்பா: அது ஆட்டோமேட்டிக். அது வேறு.

மாமா: 😂 மச்சான், கிளட்ச் பிளேட்டுக்குப் பதில் ஆயில் வழியாக இழுவையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வண்டிதானே? கியர் ஆயில் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?

சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மாமா: கையேட்டைப் பாருங்கள். ஆயிலை அளக்கும் டிப் ஸ்டிக் குச்சி இருந்தால், எந்தச் சூட்டில், எஞ்சின் ஓடும்போதா நின்றபோதா அளக்க வேண்டும் என்று அதில் போட்டிருக்கும். ஆயில் கறுத்துத் தீய்ந்த வாடை வந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். கையேட்டில் சொன்ன ரகம் தவிர வேறு எதையும் ஊற்றிவிடாதீர்கள்.

சித்தி: கையேடு அலமாரியில் பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காமல் இருக்கிறது. எடுத்துத் தருகிறேன்.