புதுப்பிப்பு: கத்தியில் என் முத்திரை

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் நான் செய்யும் கத்திகளில் முத்திரையை அச்சால் அடிப்பதா, உப்புநீரில் கரண்ட் விட்டு அரிப்பதா என்று. இரண்டையும் செய்து பார்த்துவிட்டேன்.

முதலில் அச்சு. ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துக்கான கவாத்துக் கத்தி அது. எண்ணெயில் தோய்த்துப் பதம் ஏறிய பிறகு அடித்துவிட்டேன். முத்திரையில் இருந்த ‘ப’வின் மூலையிலிருந்து மயிரிழை போல ஒரு விரிசல். தோய்ப்பதற்கு முன், எஃகு இளகி இருக்கும்போதே அடித்திருக்க வேண்டும். அந்தக் கத்தியை யாருக்கும் கொடுக்க மனம் வரவில்லை.

அப்புறம் அரிப்பு. எழுத்தை வெட்டியெடுத்த வினைல் ஸ்டென்சிலை ஒட்டி, கத்தியில் பாசிட்டிவ், உப்புநீரில் நனைத்த பஞ்சில் நெகட்டிவ். 9 வோல்ட் பேட்டரியே போதும். ஒற்றி ஒற்றி எடுத்தால் எழுத்து குழிந்து வருகிறது. ஆனால் ‘சேலம்’ என்று எழுதியதில் சிக்கல்: ‘சே’யின் கொம்புச் சுழிக்குள் இருக்கும் துளி வினைல் ஒவ்வொரு முறையும் பிய்ந்து, சுழி வெறும் புள்ளியாக அடைந்துபோனது.

ஊர்ப்பெயர், மலைப்படம் எல்லாம் சேர்ந்து கத்தியில் ஸ்டிக்கர் ஒட்டியது போலவும் இருந்தது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். இப்போது பிடியை ஒட்டி, 6 மில்லிமீட்டரில், ஒரே ஒரு ‘ப’. சுழியே இல்லாத எழுத்து, ஸ்டென்சிலில் சுத்தமாக விழுகிறது.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 1624-இல் தொடங்கிய கட்லர்ஸ் கம்பெனி என்ற கைவினைஞர் சங்கம், கத்தி செய்பவர்களின் முத்திரைகளைப் பதிவு செய்து வைத்தது. செய்தவர் யார் என்று கத்தியே சொல்ல வேண்டும். எனக்கும் அதுதான் ஆசை.

அடுத்த கத்தி வெள்ளிக்கிழமை ஏற்காடு போகிறது.