பாட்ரிசியா ரெசிக்கின் சிகிச்சை: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனை ஒன்றில் உளவியலாளராக இருக்கிறேன். அமெரிக்க உளவியலாளர் ரெசிக் அம்மையாரைப் பற்றித் தமிழில் நாலு வரியாவது எழுத வேண்டும் என்று வெகுநாளாக நினைப்பு. 1980களின் இறுதியில், பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்களுக்காக அவர் உருவாக்கியதுதான் சிபிடி (Cognitive Processing Therapy) சிகிச்சை; நடந்ததைப் பற்றி மனதில் பதிந்துபோன எண்ணங்களை எழுதியும் பேசியும் சீர்தூக்கிப் பார்க்கும் முறை. போரிலிருந்து திரும்பி பிடிஎஸ்டியோடு (கொடுமையான அனுபவத்துக்குப் பின் நீடிக்கும் மனப் பாதிப்பு) போராடுகிறவர்களுக்கும் அது கைகொடுத்தது. 2003-இல் பாஸ்டன் படைவீரர் மருத்துவமனைக்கு வந்தார். பிறகு நாடு முழுக்க ஆயிரக்கணக்கானோர் இதில் பயிற்சி பெற்றார்கள். நானும் அவர்களில் ஒருத்தி.

ஒருவரைப் பற்றி, அவர் அனுமதியோடு, அடையாளம் மாற்றிச் சொல்கிறேன். வியட்நாமில் காயம்பட்டவர்களுக்கு முதலுதவி செய்தவர். வயது எழுபதுக்கு மேல். கதவு தெரியும் நாற்காலியில்தான் உட்காருவார். முதல் அமர்வு முடிந்ததும் எல்லாரிடமும் சொல்வதையே அவரிடமும் சொன்னேன்: உங்களை வாட்டும் அந்தச் சம்பவம் ஏன் நடந்தது என்று நீங்கள் நினைப்பதை எழுதி வாருங்கள். ஒரே வரி எழுதி வந்தார். "நான் தாமதமாகப் போனேன், அவன் செத்துப்போனான்."

ஐம்பது வருஷமாக அந்த வரிக்குள்ளேயே இருந்திருக்கிறார்.

"உங்கள் மேல் தப்பில்லை" என்று நான் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. கேள்விதான் கேட்க வேண்டும், பதில் அவர்களிடமிருந்து வர வேண்டும். எவ்வளவு தூரம்? எந்தப் பக்கமிருந்து சுட்டார்கள்? வேறு யார் அடிபட்டுக் கிடந்தார்கள்? ஆறாவது அமர்வோ ஏழாவதோ, பேச்சை நிறுத்திவிட்டுத் தன் கைகளையே பார்த்தார். "அந்த நேரத்தில் இன்னும் இரண்டு பேருக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன்" என்றார். அவர் மறந்த விஷயமில்லை அது. இத்தனை காலம் கணக்கில் சேர்க்காமல் விட்டது. முடிவில் மறுபடி எழுதச் சொல்வோம். மூன்று பக்கம் கொண்டுவந்தார்.

மறுமொழி:
அக்கா, படிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. என் கணவர் ஈராக் போய் வந்தவர். நாலாவது அமர்வோடு நிறுத்திவிட்டார். எழுத உட்கார்ந்தால் அன்று ராத்திரி தூக்கம் போய்விடும். ஒரு வருஷம் கழித்து அவராகவே திரும்பப் போய்ப் பன்னிரண்டு அமர்வுகளையும் முடித்தார். சத்தம் இன்னும் ஆகாது, தீபாவளிக்கு நாங்கள் வெடி வாங்குவதில்லை. ஆனால் முன்பெல்லாம் கடையில் கூட்டம் சேர்ந்தால் கூடையை அப்படியே வைத்துவிட்டுக் காருக்குப் போய்விடுவார். போன சனிக்கிழமை வரிசையில் நின்று, பில் போட்டு, பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.