நோரில்ஸ்க் டீசல் டாங்கி சரிந்தது உறைபனி உருகியதாலா, பைல் (நிலத்தில் இறக்கும் அடித்தளத் தூண்) குறையாலா?

மருதன்:
"நிரந்தர உறைபனி உருகுகிறது என்பதெல்லாம் பத்திரிகைகளின் பூச்சாண்டி. நோரில்ஸ்க் டீசல் டாங்கி சரிந்தது கட்டுமானக் கோளாறால்" என்று நேற்று பொறியாளர் கணேசன் இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து ஆத்திரம் அடங்கவில்லை. ரஷ்யாவின் வடகோடி நகரமான நோரில்ஸ்க்கில் 2020 மே 29 அன்று கொட்டியது ஏறத்தாழ 21,000 டன் டீசல். அம்பர்னயா ஆறு செந்நிறமாக ஓடியது. உறைமண், அதாவது ஆண்டுக்கணக்கில் உறைந்தே கிடக்கும் அந்த நிலம், இளகுகிறது என்று விஞ்ஞானிகள் தொண்டை வறளச் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாததன் விலை அது.

பொறியாளர் கணேசன்:
ரஷ்யாவின் தொழிற்பாதுகாப்புக் கண்காணிப்பு அமைப்பு 2020 நவம்பரில் தன் முடிவை வெளியிட்டது. டாங்கியைத் தாங்கிய பைல்கள் வடிவமைப்பில் சொன்னபடி பாறையில் பதியவில்லை. உறைபனிமேல் முதலில் பழி போட்டது யார் தெரியுமா? டாங்கிக்குச் சொந்தக்காரரான நோரில்ஸ்க் நிக்கல் நிறுவனமே. அவர்களுடைய சாக்கை நீங்கள் கூலி வாங்காமல் சுமக்கிறீர்கள்.

மருதன்:
பாறையைத் தொடாத பைல் 1985 முதல் 35 ஆண்டுகள் எதைப் பிடித்துக்கொண்டு நின்றது? உறைந்த மண்ணைத்தானே! மண் பைலோடு சேர்ந்து உறைந்திருக்கும்வரை பாரம் தாங்கும். பூஜ்ஜியத்துக்குக் கீழே இருந்தாலும், சற்றே வெப்பம் ஏறினால் அந்தப் பிடி தளரும். பொறியாளருக்கு இதைக்கூட நான் சொல்ல வேண்டுமா?

தென்றல்:
இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமல் தொடர்ந்து பூஜ்ஜியம் டிகிரிக்கு மேல் போகாத நிலம்தான் நிரந்தர உறைபனி. நீங்கள் பேசுவது அதைப் பற்றியா, கோடையில் உருகும் மேல்மண்ணைப் பற்றியா?

பொறியாளர் கணேசன்:
பைல் பாறையில் பதியவில்லை. அறிக்கையில் இருப்பது அதுதான். நான் அடித்தளம் போட்டுப் பிழைப்பவன். மண் அறிவியலை மருதனிடம் கற்கும் நிலையில் இல்லை.

மருதன்:
35 ஆண்டுகள் எப்படி நின்றது? அதற்குப் பதில் எங்கே?

கடலோடி:
டாங்கியை விடுங்கள். 2016இல் ரஷ்யாவின் வடக்கே யமாலில் உறைமண் இளகி, அதில் புதைந்திருந்த ஆந்த்ராக்ஸ் நோய்க்கிருமி கிளம்பி, இரண்டாயிரத்துக்கும் அதிகமான கலைமான்கள் மடிந்தன. 12 வயதுச் சிறுவன் இறந்தான். அதற்கும் பைல்தான் காரணமா?

பொறியாளர் கணேசன்:
அங்கே கலைமான்களுக்குத் தடுப்பூசி போடுவதை 2007இல் நிறுத்திவிட்டார்கள். மனிதனின் அலட்சியத்தை மறைக்கப் பனி ஒரு வசதி.

மருதன்:
ஏன் நிறுத்தினார்கள்? 1941க்குப் பிறகு அங்கே நோய் தலைகாட்டவில்லை என்ற மெத்தனம். புதைந்தது புதைந்தபடியே கிடக்கும் என்று நம்பினார்கள். உங்களைப் போன்றவர்களின் துணிச்சல் இப்படித்தான் பிள்ளைகளைக் காவு வாங்குகிறது.

பொறியாளர் கணேசன்:
வார்த்தையை அளந்து பேசுங்கள். நார்வேயில் உறைமண்ணுக்குள் விதைகளைக் காத்துவைக்கும் ஸ்வால்பார்டு விதைப் பெட்டகம் மூழ்கிவிட்டது என்று 2017இல் இங்கே ஒப்பாரி வைத்தவர் நீங்கள். தண்ணீர் வந்தது நுழைவுச் சுரங்கத்தில். ஒரு விதைகூட நனையவில்லை. இன்றுவரை அதைத் திருத்திக்கொள்ளவில்லை.

மருதன்:
நனையாவிட்டால் நார்வே அரசு அந்தச் சுரங்கத்தை நீர் புகாதபடி ஏன் புதிதாகக் கட்டியது? எச்சரிக்கையை மதித்தவர்கள் அவர்கள். நோரில்ஸ்க்கிலோ விபத்துக்குப் பிறகுதான் உறைமண் மேலுள்ள ஆபத்தான அமைப்புகளைச் சோதிக்கத் தலைமை வழக்கறிஞர் உத்தரவிட்டார். உறைமண்ணுக்கும் டாங்கிக்கும் தொடர்பில்லை என்றால் அந்த உத்தரவு எதற்கு?

தென்றல்:
நான் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

பொறியாளர் கணேசன்:
உறைமண் மேல் எழுந்த ரஷ்யாவின் யாகுட்ஸ்க் நகரத்தில் கட்டடங்களைப் பைல்மேல் உயர்த்தி, குளிர்காற்று அடியில் புகுந்து மண்ணை உறையவைக்கும்படி கட்டுகிறார்கள். ஒழுங்காகக் கட்டினால் நிற்கும். பைல் பாறையில் பதிந்திருந்தால் ஒரு சொட்டு டீசல் சிந்தியிருக்காது.

கடலோடி:
அந்த நகரத்திலும் சுவர்கள் விரிசல் விடுகின்றன, ஐயா.

பொறியாளர் கணேசன்:
பராமரிப்பு இல்லாத வீடுகள் அவை.

மருதன்:
எல்லாம் பழைய குளிரை நம்பிப் போட்ட கணக்கு. ரஷ்ய நிலப்பரப்பில் ஏறக்குறைய 65 விழுக்காடு உறைமண். அத்தனை குழாய்களையும் டாங்கிகளையும் பாறைவரை இறக்கிவிட்டார்களா? 35 ஆண்டுக் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை, கணேசன்.

பொறியாளர் கணேசன்:
அறிக்கையைப் படித்துவிட்டு வாருங்கள்.