கனடாவில் நின்றே செய்யும் வேலை, இடுப்பு வலி: டாக்டர் லெட்டரில் என்ன இருக்க வேண்டும்?

புதுசா வந்தவன்: வணக்கம். வேர்ஹவுஸில் பேக்கிங் வேலை, ஷிப்ட் முழுக்க நின்றே செய்ய வேண்டும். இடுப்பில் டிஸ்க் பிரச்சினை, வலி கால் வரை இறங்குகிறது. உட்கார ஸ்டூல் கேட்டேன். என்ன வியாதி என்று டாக்டர் எழுதித் தந்தால்தான் பேசுவேன் என்கிறார் சூப்பர்வைசர். இன்னும் ப்ரொபேஷன் முடியவில்லை. திங்கட்கிழமை போகவே பயமாக இருக்கிறது.

மார்க்கம் அண்ணன்: தம்பி, லெட்டர் கொடுத்தால் அடுத்த வாரமே ஷிப்ட் குறையும். நான் வந்த குளிர்காலத்தில் ஹோட்டலில் பாத்திரம் கழுவி விரலெல்லாம் வெடித்து ரத்தம் வந்தது. வாயைத் திறக்கவில்லை. ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொள்.

ஸ்கார்பரோ அக்கா: அண்ணா, பல்லைக் கடித்தால் டிஸ்க் சரியாகாது. தம்பி, எந்த ஊர் என்றே சொல்லவில்லையே?

புதுசா வந்தவன்: பிராம்ப்டன், அக்கா. ஏஜென்சி மூலம் சேர்ந்தேன்.

மிசிசாகா: லெட்டருக்கு எங்கே போவது? ஃபேமிலி டாக்டர் கிடைப்பதே குதிரைக்கொம்பு. வாக்-இன் கிளினிக்கில் மணிக்கணக்கில் காத்திருந்தாலும், லெட்டருக்கு ஓஹிப் (ஒன்டாரியோ மாகாண அரசின் மருத்துவக் காப்பீடு) பணம் தராது, கைக்காசுதான்.

மார்க்கம் அண்ணன்: அதைத்தானே சொல்கிறேன். வாடகை கட்டவே சம்பளம் போதவில்லை.

ஸ்கார்பரோ அக்கா: வாடகையை அப்புறம் பேசலாம். தம்பி, உடல் பிரச்சினைக்கு ஏற்ற வசதி கேட்க உரிமை தரும் ஒன்டாரியோவின் மனித உரிமைச் சட்டம் ப்ரொபேஷனிலும் பொருந்தும். பொதுவாக வியாதியின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. உன்னால் எது முடியாது, எத்தனை நாளைக்கு என்பதுதான் லெட்டரில் முக்கியம். டாக்டரிடம் இப்படிக் கேள்: "அரை மணிக்கு மேல் தொடர்ந்து நிற்கக் கூடாது, இத்தனை கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்." அளவுகளை டாக்டரே முடிவு செய்யட்டும். "ஓய்வு தேவை" என்று ஒற்றை வரியில் எழுதினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், ஸ்டூல் வராது.

ஏஜென்சி, வேர்ஹவுஸ் இரண்டுக்கும் ஈமெயில் அனுப்பு, வாய்ப்பேச்சு வேண்டாம். மறுத்தால் ஒரு வருஷத்துக்குள் மனித உரிமைத் தீர்ப்பாயத்தில் மனு போடலாம். ஹியூமன் ரைட்ஸ் லீகல் சப்போர்ட் சென்டரில் இலவசமாக ஆலோசனை கிடைக்கும்.

இன்னொன்று, வலி அங்கே பெட்டி தூக்கிய பிறகா வந்தது?

புதுசா வந்தவன்: ஊரிலேயே கொஞ்சம் இருந்தது. இங்கே தூக்கிய பிறகுதான் கால் மரத்துப்போகிறது.

ஸ்கார்பரோ அக்கா: இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்! டபிள்யூஎஸ்ஐபி-க்கும் (வேலையில் காயம்பட்டால் இழப்பீடு தரும் ஒன்டாரியோ அமைப்பு) பதிவு செய், அதற்கு ஆறு மாதம்தான் கெடு. எந்த நாள், எதைத் தூக்கினாய், யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று இன்றே எழுதி வை. சிறுநீர் போவதில் சிரமமோ, தொடையிடுக்கில் மரத்தலோ இருந்தால் திங்கள் வரை காத்திருக்காதே, உடனே எமர்ஜென்சிக்குப் போ.