உத்திசார் மேலாண்மைக்கு நிறுவனத்தில் யார் பொறுப்பு? வழிகாட்டுங்கள்

குழு நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் நிறுவனத்தின் மூன்றாண்டு உத்தித் திட்டத்தை, அதாவது நீண்டகால இலக்குகளையும் அவற்றை அடையும் வழிகளையும் வகுக்கும் திட்டத்தை, தொகுக்கும் பணி என்னிடம் வந்திருக்கிறது. சென்ற முறை தயாரித்த ஆவணத்தைப் புரட்டினால், 'பொறுப்பாளர்' என்ற கட்டத்தில் பக்கத்துக்குப் பக்கம் 'நிர்வாகம்' என்று மட்டுமே எழுதியிருக்கிறது; அந்தத் திட்டம் பாதியிலேயே நின்றுபோனதற்கு இதுவே காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

இயக்குநர் குழு திசையை ஆராய்ந்து ஒப்புதல் அளித்துக் கண்காணிக்க வேண்டும், தலைமைச் செயல் அலுவலர் உத்தியை வகுத்து நிறைவேற்றுவதற்கு முதன்மைப் பொறுப்பேற்க வேண்டும், பிரிவுத் தலைவர்கள் தத்தம் சந்தைக்கேற்ப அதை வடிவமைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். 1981-இல் அமெரிக்க நிறுவனமான ஜெனரல் எலெக்ட்ரிக்கின் தலைமையேற்ற ஜாக் வெல்ச், மையத் திட்டமிடல் துறையைப் பெருமளவு குறைத்து, அப்பொறுப்பைத் தொழிற்பிரிவுத் தலைவர்களிடமே சேர்த்தார். அது சரியான முடிவு என்றே கருதுகிறேன். செய்பவரே சிந்திக்கவும் வேண்டும்.

ஆனால் எங்களைப் போன்ற நடுத்தர நிறுவனத்தில், வாடிக்கையாளரை அன்றாடம் சந்திக்கும் இடைநிலை மேலாளர்களுக்கு இதில் எந்த அளவு அதிகாரம் கொடுக்கலாம்? இயக்குநர் குழு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை முன்னேற்றத்தைப் பரிசீலிப்பது நல்லது? இலக்கு தவறினால் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பதை எழுத்தில் எப்படிப் பதிவு செய்கிறீர்கள்? அனுபவமுள்ளவர்கள், நீங்கள் பயன்படுத்தும் பொறுப்புப் பட்டியலின் மாதிரி ஒன்றைப் பகிர்ந்தால் பேருதவியாக இருக்கும்.